அடிக்கிற கையும் சட்டமும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, மங்கலம்பேட்டையில் ஒரு வீடு மந்திரிக்கப் போயிருந்தோம். செபம் முடிந்து, தீர்த்தம் தெளித்து, வீட்டார் அன்போடு கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருக்கையில், அடுத்த வீட்டிலிருந்து ஒரு சிறுவனின் அலறல் கேட்டது. அலறலுக்கு முன்னே புளியம் விளாரின் ஓசையும் கேட்டது. நாம் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒன்பது வயதுப் பையன் திண்ணை ஓரமாக நின்றிருந்தான். முழங்காலுக்குக் கீழே மூன்று வரிகள் தடித்துச் சிவந்திருந்தன. அவனை அடித்த தாயோ அவனைவிட அதிகமாக அழுதுகொண்டிருந்தார்.

அவர் சொன்னதை இங்கே எழுதுகிறோம். இது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதன்று. நடுத்தெருவில், நான்கு பேர் காதுபடச் சொல்லப்பட்டது. "பேர் போடாம எழுதுங்க சாமி" என்று அவரே இசைவும் தந்திருக்கிறார்.

அவர் நாள்தோறும் பேருந்து ஏறி விருத்தாசலம் சென்று, பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் வேலை செய்கிறவர். வீடு திரும்ப ஏழு மணியாகும். கணவர் வெளியூரில் இருக்கிறார். அன்று வந்து பார்த்தால் பையனைக் காணோம். தேடிப் போனபோது, மழையில் நிரம்பிக் கிடந்த ஏரியின் மதகருகே நண்பர்களோடு குளித்துக்கொண்டிருந்தான். நீச்சல் தெரியாது. "செத்துட்டான்னு நெனைச்சுதான் சாமி ஓடுனேன். உசுரோட பார்த்ததும் கோவம் வந்துடுச்சு" என்றார். பின்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாம் சற்றும் எதிர்பாராத ஒரு கேள்வியைக் கேட்டார்: "பெத்த புள்ளைய அடிச்சா செயிலுன்னு போன்ல காட்டுறாங்களே, நம்ம ஊருக்கும் அந்தச் சட்டம் வரப்போவுதா சாமி? வரணுமா?"

வருமா என்பதற்கு விடை சொல்லிவிடலாம். வரவேண்டுமா என்பதற்கு அன்று நாம் விடை சொல்லவில்லை. ஏதோ ஆறுதல் மொழி கூறிவிட்டு வந்துவிட்டோம். விடை தெரியாமையால் அன்று. சொல்லும் தகுதி நமக்கு உண்டா என்ற கூச்சத்தால். அந்தக் கூச்சத்தின் காரணத்தைப் பிறகு சொல்லுகிறோம்.

முதலில், நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்லுகிறது என்பதை வாசகர்கள் அறிதல் நலம். 1860-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 89-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. பன்னிரண்டு வயது நிரம்பாத குழந்தையின் நன்மையைக் கருதி, நல்லெண்ணத்தோடு, பெற்றோரோ பாதுகாவலரோ அல்லது அவர்கள் இசைவு பெற்ற பிறரோ செய்யும் செயலால் தீங்கு நேரினும் அது குற்றமாகாது என்பது அதன் சாரம். உயிரைப் போக்கக் கருதுவதும் கொடுங்காயம் விளைவிப்பதும் அதற்கு விலக்கு. அந்தப் பிரிவில் அடி என்ற சொல்லே கிடையாது. ஆயினும் அடித்தவர்களுக்கு அது நிழல் தந்து வந்தது. 2024 சூலை முதல் நாள் பழைய சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. பலவும் மாறின. இந்த நிழல் மட்டும் மாறவில்லை. 27-ஆம் பிரிவு என்ற புதிய எண்ணோடு அப்படியே குடியேறிவிட்டது.

அதே 1860-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் என்னும் ஊரில் நடந்த ஒரு வழக்கையும் குறிப்பிட வேண்டும். பாடம் வராத ஒரு மாணவனைக் கண்டிக்க, ஆசிரியர் ஒருவர் அவன் தந்தைக்குக் கடிதம் எழுதி இசைவு கேட்டார். தந்தையும் இசைந்தார். பின்னர் ஓர் இரவில் விழுந்த அடியில் அந்தப் பையன் இறந்துபோனான். ஆசிரியருக்குத் தண்டனை கிடைத்தது. ஆனால் அந்தத் தீர்ப்பில் நீதிபதி கூறிய ஒரு கருத்து, அதாவது அளவோடும் நியாயத்தோடும் தண்டிக்கும் உரிமை பெற்றோருக்கும் அவர்களிடம் ஒப்படைப்புப் பெற்றவர்களுக்கும் உண்டு என்ற கருத்து, நூறாண்டுக்கு மேல் ஆங்கிலச் சட்டத்தில் நிலைத்துவிட்டது. ஸ்காட்லாந்து 2020-லும், வேல்ஸ் 2022-லும்தான் அதை நீக்கின.

பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை நம் நாடு எப்போதோ தெளிவாகிவிட்டது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளையை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் வதைப்பதையும் ஆசிரியருக்கு விலக்கியிருக்கிறது. பள்ளிகளில் அடியை ஒழிப்பதற்கான நெறிமுறைகளைச் செயற்படுத்துமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தமிழக அரசுக்கு ஆணையிட்டதும் நினைவிருக்கலாம். ஆகவே, நான்கு மணி வரை அடிபடாமல் இருக்கச் சட்டப்படி உரிமை பெற்ற பிள்ளை, மணி அடித்து வீட்டுப் படி ஏறியதும் அந்த உரிமையை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட வேண்டியதாகிறது. இதில் உள்ள பொருத்தமின்மையை நாம் விளக்க வேண்டியதில்லை. நடுவணரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் பதின்மூன்று மாநிலங்களில் நடத்திய ஆய்வில், மூன்று பிள்ளைகளுள் இருவர் அடி உதை பட்டிருந்தனர். குடும்பத்துக்குள் அடிபட்டவருள் 88.6 விழுக்காட்டினரை அடித்தவர் பெற்றோரே.

அந்தத் தாய் கைபேசியில் கண்டது பெரும்பாலும் நார்வே நாட்டுச் செய்தியாகத்தான் இருக்கும். அங்கே பெற்றோர் அடிப்பதற்கு 1987 முதல் முழுத் தடை இருக்கிறது. 2012 திசம்பரில், ஆந்திரத்திலிருந்து போயிருந்த கணவன் மனைவி இருவரும், ஏழு வயது மகனைக் கொடுமை செய்ததாக ஆஸ்லோ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டனர். தந்தைக்குப் பதினெட்டு மாதம்; தாய்க்குப் பதினைந்து மாதம். நம் நாட்டில் அப்போது பெருங்கூச்சல் எழுந்தது. பிள்ளையைக் கண்டிக்கும் நம் பண்பாட்டை வெள்ளைக்காரன் அறியான் என்று பலர் பேசினர். நாமும் அவ்வாறே பேசியவர்களுள் ஒருவர் என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். பிறகுதான், அந்த வழக்கில் பேசப்பட்டது கன்னத்தில் விழுந்த ஒரு தட்டன்று, சூட்டுத் தழும்பும் இடைவார் அடியும் என்று படித்தோம். கரண்டியைக் காய்ச்சிச் சூடு போடுவது நம் அடுக்களைகளுக்குப் புதியதா? 'பண்பாடு' என்ற சொல்லுக்குள் எவ்வளவோ பதுங்கிக்கொள்ளுகிறது.

ஆயினும், அந்தத் தாயும் தந்தையும் சிறையில் இருந்த மாதங்களில் அந்தப் பிள்ளை யாரை நினைத்து அழுதிருக்கும் என்ற எண்ணம் நம்மை விட்டு அகலவில்லை. அடித்த கையைத் தேடித்தானே அடிபட்ட பிள்ளை ஓடுகிறது!

சுவீடன் நாட்டார் இந்தச் சிக்கலை வேறு விதமாக அணுகினர். உலகில் முதன்முதலாகப் பெற்றோர் அடிப்பதை விலக்கியவர்கள் அவர்களே. 1979-இல் அவர்கள் பாராளுமன்றத்தில் அந்தத் திருத்தம் வந்தபோது எதிர்த்தவர் ஆறு பேர் மட்டும். அந்தச் சட்டத்தில் புதிய தண்டனை ஏதும் எழுதப்படவில்லை. பிள்ளையை அடித்தலும் இழிவாக நடத்தலும் கூடாது என்று மட்டும் பெற்றோர் கடமைகளைக் கூறும் சட்டத்தில் சேர்த்தார்கள். காயம் விளைத்தால் தண்டிக்கப் பொதுச் சட்டம் முன்பே இருந்தது. பிறகு, பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கெல்லாம் ஒரு சிறு நூலை அனுப்பினர். இரண்டு மாதம் பால் பெட்டிகளின்மேல் இந்தச் செய்தியை அச்சிட்டனர். காலையில் பால் ஊற்றும் கை, மாலையில் ஓங்கும் கையாகவும் இருக்குமல்லவா? இதை அறிந்தபோது நாம் மிகவும் மகிழ்ந்தோம். இப்போது அறுபதுக்கு மேற்பட்ட நாடுகளில் இவ்வகைச் சட்டம் உண்டு. நம் அண்டை நாடான நேபாளம் 2018-இலும், சப்பான் 2020-இலும், பெரியோர்க்கு அடங்குதலை உயிராகப் போற்றும் தென்கொரியா 2021-இலும் இவ்வரிசையில் சேர்ந்தன.

இனி, வேதாகமம் என்ன சொல்லுகிறது என்று கேட்பவர்கள் நம் பங்குகளில் உண்டு. கேட்க வேண்டியதே. பிரம்பைக் கையாளாத தந்தை மகனைப் பகைக்கிறான் என்னும் பொருள்பட நீதிமொழிகளிலும், மகன்மேல் அன்புள்ள தந்தை அவனை அடிக்கடி அடிப்பான் என்னும் பொருள்பட சீராக்கின் ஞானத்திலும் வாசகங்கள் இருப்பது உண்மை. குருமடத்தில் இவற்றை நாம் மனப்பாடமாகவே அறிந்திருந்தோம். ஆனால், பிள்ளைகளுக்கு எரிச்சலூட்டி அவர்களை மனந்தளரச் செய்ய வேண்டாம் என்று புனித சின்னப்பர் கொலோசையருக்கு எழுதியதை யாரும் நமக்கு அதே அழுத்தத்தோடு சொல்லிக் கொடுத்ததில்லை. பழைய ஏற்பாடு அடிமையை விற்பதற்கும் முறை கூறுகிறது. அதைக் கொண்டு இன்று யாரும் அடிமை வாங்குவதில்லை.

புனித அகுஸ்தீனார் தம் வாழ்வை இறைவனிடம் அறிக்கையிட்டு எழுதிய நூலின் தொடக்கப் பகுதியில், தம் சிறுவயது செபம் ஒன்றை நினைவுகூருகிறார். பள்ளியில் தம்மை அடிக்காதிருக்க வேண்டும் என்பதே அந்தச் செபம். சின்னஞ் சிறுவன், சிறிதல்லாத ஏக்கத்தோடு வேண்டிக்கொண்டான், கேட்கப்படவில்லை. அவன் பட்ட அடியைக் கண்டு பெரியவர்களும் பெற்றோருங்கூடச் சிரித்தார்கள். ஆயராகி, நாற்பது வயதைக் கடந்து, திருச்சபையின் பேரறிவாளராக விளங்கிய காலத்திலும் அந்தச் சிரிப்பை அவர் மறக்கவில்லை. அந்தப் பெற்றோருள் ஒருவர் புனித மோனிக்கம்மாள் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தொன் போஸ்கோ ஒன்பது வயதில் கண்ட கனவு நம் பிள்ளைகளுக்குத் தெரியும். தெய்வதூஷணம் பேசிய சிறுவர்களை அவர் முட்டியால் குத்தி அடக்க முயன்றபோது, பேரொளியோடு ஒருவர் தோன்றி, குத்தினால் அன்று, சாந்தத்தாலும் அன்பாலும் இவர்களை நண்பராக்கிக்கொள் என்று அறிவுறுத்தினார். அந்தக் கனவின்மேல் எழுந்ததே அவருடைய கல்வி முறை. அவர் சபையார் 1906-இல் இந்தியாவில் முதன்முதல் பணி தொடங்கிய இடம் நம் தஞ்சாவூர்தான். மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015 பிப்ரவரியில் தந்தையரைப் பற்றி உரையாற்றியபோது, பிள்ளையைச் சில வேளை அடிப்பேன், ஆனால் அவமானப்படுத்தாதபடி முகத்தில் மட்டும் அடிக்க மாட்டேன் என்று ஒரு தந்தை சொன்னதைப் பாராட்டிப் பேசினார். பிள்ளைகளின் பாதுகாப்புக்காக அவரே அமைத்த ஆணையத்தைச் சார்ந்தவர்களே அப்பேச்சில் குறை கண்டனர். திருத்தந்தைபால் நமக்குள்ள பத்தி குறைந்துவிடாது. இந்த ஒன்றில் நாம் ஆணையத்தாரின் பக்கம். காரணம், முகத்தில் அடித்தவர் நாம்.

இருபதாண்டுகளுக்கு முன்பு, வேறோர் ஊரில், உதவிக் குருவாக இருந்தோம். பங்குத் திருவிழா. பூசை தொடங்க ஐந்து நிமிடம் இருந்தது. சக்கிறீஸ்துவில் பீடச் சிறுவன் ஒருவன் தூபக் கலசத்தைக் கை நழுவவிட்டான். தணல் சிதறி, திருவிழாவுக்காக வாங்கிய புதுக் கம்பளத்தில் நான்கைந்து ஓட்டைகள் விழுந்தன. வெளியே விருந்தினர் குருக்கள் காத்திருந்தனர். நாம் ஓங்கி அவன் கன்னத்தில் அறைந்தோம். பதினொரு வயதுப் பிள்ளை. தலை அலமாரிக் கதவில் பட்டுத் திரும்பியது. பிறகு நாம் பூசை வைத்தோம். சமாதானம் கொடுக்கும் வேளையில் அவன் நமக்கு ஐந்தடி தூரத்தில் நின்றிருந்தான்.

மறுநாள் அவனுடைய பாட்டி வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நாம் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டிருக்க, அவரோ கைகூப்பி, "நல்லா அடிங்க சாமி. கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க. அப்பதான் உருப்படுவான்" என்றார். அந்தச் சொற்களால் நம் மனச்சாட்சி ஆறுதலடைந்து உறங்கிப்போயிற்று. ஈஸ்ட்போர்ன் தந்தையின் கடிதத்தைப் பற்றிப் படித்தபோது நமக்கு இந்தப் பாட்டிதான் நினைவுக்கு வந்தார். அந்தப் பையன் அதன்பின் பூசைக்கு உதவ வரவில்லை. சில மாதங்களில் நமக்கு மாற்றலாகிவிட்டது.

நல்லெண்ணத்தோடு என்று சட்டம் கூறுகிறது. நம் வாழ்நாளில் நாம் யாரையும் நல்லெண்ணத்தோடு அடித்ததில்லை. கம்பளத்துக்காக அடித்தோம், காத்திருந்த விருந்தினர் முன் ஏற்படவிருந்த வெட்கத்துக்காக அடித்தோம். மங்கலம்பேட்டைத் தாய் அச்சத்தால் அடித்தார். அவருடைய காரணம் நம்முடையதைவிட ஆயிரம் மடங்கு மேலானது. ஆயினும் அவர் கையிலும் விளாரைக் கொடுத்தது நல்லெண்ணமன்று. அடிக்கு முன்னோ பின்னோ நல்லெண்ணம் இருக்கலாம். கை ஓங்கும் அந்த நொடியில் அது அங்கே இருப்பதில்லை. அடித்து முடித்த பிறகு நாமே அதை அழைத்து வந்து சாட்சி சொல்ல வைக்கிறோம். இல்லாத ஒன்றின்மேல் எழுப்பிய நிழலைச் சட்டத்தில் ஏன் வைத்திருக்க வேண்டும்? அதை எடுத்துவிட வேண்டும் என்பதே நம் கருத்து.

எடுத்துவிட்டு என்ன செய்வது என்பதில்தான் நமக்குப் பயம் இருக்கிறது. மாடி வீட்டில் அடி விழுந்தால் ஓசை மதிலைத் தாண்டாது. ஓட்டு வீட்டில் அடி விழுந்தால் தெருவே கேட்கும். ஆகவே, சிறைத் தண்டனையோடு ஒரு சட்டம் வந்தால், முதலில் அது எந்த வீட்டுக் கதவைத் தட்டும் என்று சொல்லத் தேவையில்லை. ஏழு மணிக்குக் கூலி வேலையிலிருந்து திரும்புகிற தாயைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்தால், அந்தப் பையனுக்கு இரவுச் சோறு யார் போடுவார்? மெய்யான கொடுமைக்குச் சட்டம் இப்போதே இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி, தம் பொறுப்பிலுள்ள பிள்ளையைக் கொடுமை செய்பவருக்கு மூன்றாண்டுச் சிறையோ, ஒரு லட்சம் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். குடித்துவிட்டு வந்து பிள்ளையை மிதிக்கிறவனுக்கு அது வேண்டும். 1098 என்ற எண்ணுக்கு யாரும், அடிபட்ட பிள்ளையேகூட, கட்டணமின்றிப் பேசலாம். இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி நம் மறைக்கல்வி வகுப்புகளில் ஒட்டிவைக்கப் போகிறோம். நமக்கு இன்னும் வேண்டியது, பிள்ளையை அடிக்கும் உரிமை ஒருவருக்கும் இல்லை என்று ஒரே வரியில் கூறும் சட்டம். அந்த வரியை ஆவின் பால் உறையிலும், நியாயவிலைக் கடைச் சுவரிலும், தடுப்பூசி அட்டையிலும் அச்சிட்டு, ஆள் வந்து பிடிப்பதற்கு முன் ஆள் வந்து பேசும்படி செய்ய வேண்டும். ஞானஸ்நானத்துக்கு முன் பெற்றோரையும் ஞானப் பெற்றோரையும் உட்கார வைத்து இதைப் பேசுவதற்கு எந்தப் பாராளுமன்றத்தின் இசைவும் நமக்குத் தேவையில்லை. இத்தனை ஆண்டுகள் பேசாமல் இருந்தோம்.

மறு வாரம் அந்தத் தாயைச் சந்தித்து, "வரவேண்டும் அம்மா. உங்களைப் பிடித்துப் போவதற்காக அன்று" என்று சொன்னோம். அவர் சற்று யோசித்துவிட்டு, "அடிக்கலன்னா பின்ன என்ன பண்ணச் சொல்றீங்க சாமி? நான் வர்ற வரைக்கும் அவன் எங்க இருப்பான்?" என்றார். பிள்ளை பெற்று வளர்த்திராத நம்மிடம் ஆயத்தமாக விடை இல்லை. பேச்சை மாற்றுவதற்காக அவருடைய வேலையைப் பற்றி விசாரித்தோம். சூளையில் வேகாத பச்சைப் பொம்மையை எப்படித் தூக்குவது என்று இரு உள்ளங்கைகளையும் ஏந்திக் காட்டினார். விரல் பட்டால் மூக்கு போய்விடுமாம். "ஒடைஞ்சா கூலியில புடிச்சுக்குவாங்க" என்றார். சொல்லிவிட்டுச் சிறிது நேரம் தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாமும் ஒன்றும் சொல்லவில்லை. அதே தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவரிடம் பேசி, மாலை வேளைகளில் அவர் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஏற்பாடாயிற்று. இப்போது பதினோரு பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுள் நான்கு பேர் நம் மறையினர் அல்லர்.

சில மாதங்களுக்குப் பின், மங்கலம்பேட்டையில் பேருந்துக்காகக் காத்திருந்தபோது, முப்பது வயதைக் கடந்த ஒருவர் நம்மை உற்றுப் பார்த்து அருகே வந்தார். கையில் நான்கு வயது மகன். "சாமி, என்னைத் தெரியுதா?" என்றார். தெரிந்தது. உறவினர் வீட்டுக்கு வந்தாராம். நலம் விசாரித்தபின், தொண்டையில் சிக்கியிருந்ததை ஒருவாறு வெளியே கொண்டுவந்து, அன்று அறைந்ததற்காக மன்னிப்புக் கேட்டோம். அதெல்லாம் என்ன சாமி, உங்கள் அடியால்தான் ஆளானேன் என்று சொல்லுவார் என எதிர்பார்த்தோம். அவ்வாறு சொல்லும் பலரை நாம் அறிவோம். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"வலிச்சது ஞாபகம் இல்ல சாமி. மத்த பசங்க சிரிச்சாங்க பாருங்க, அதுதான்" என்றார்.

சிறுவன் நம் அங்கியின் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் அவனைத் தடுக்கவில்லை. விருத்தாசலம் பேருந்து வந்தது. நம் பையை அவரே தூக்கி உள்ளே வைத்தார். ஞாயிறு பூசை எத்தனை மணிக்கு என்று அவர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.